தட்டுக்கு எட்டுத் துண்டு

(அண்ணாகிராமம் வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஊட்டச்சத்து அமர்வில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு நார்ச்சத்தும் குடல் நலமும். தலைப்பைச் சொன்னதும் நாலு பேர் டீ குடிக்கக் கிளம்பியதைப் பார்த்தேன். போயிட்டு சீக்கிரம் வாங்க. கூழைப் பற்றியும் களியைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. கம்பு நல்லது, கேழ்வரகு நல்லது என்று நாம் நிறையப் பேசியாச்சு. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நாமும் கண்காட்சி வைத்தோம், சிறுதானியத்தில் கோலம் போட்டோம். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் கேட்டது என்ன? மக்ரோனி. அதனால் நானும் மக்ரோனியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மக்ரோனி, பாஸ்தா என்றால் ஏதோ புதுசு என்று பயப்பட வேண்டாம். நம்ம சேமியாவுக்கு அது பங்காளி. இத்தாலிக்காரர்கள் கெட்டியான ஒருவகைக் கோதுமையின் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காயவைத்துச் செய்தது. அங்கே அதை வேகவைத்து, தக்காளிச் சாறும் காய்கறியும் பாலாடைக் கட்டியும் கலந்து, தட்டில் பரப்பி, அடுப்புக்குள் வைத்துச் சுடுவார்கள். ஓட்டலில் ‘பேக்டு பாஸ்தா’ என்று விற்கிறார்களே, அதுதான். பண்ணுருட்டிக்குப் போனால் பிள்ளை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறது. வாங்கிக் கொடுத்தால் நம் ஒரு நாள் கூலியில் பாதி போய்விடும்.

விலையை விட எனக்கு உறுத்துவது உள்ளே இருக்கிற சரக்கு. நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கிற மலிவான மக்ரோனியில் பெரும்பாலும் மைதாதான். மேலே ஊற்றுகிற வெள்ளைக் குழம்பும் மைதாவை வெண்ணெயில் வறுத்துச் செய்வது. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. நாம் தினமும் வடிக்கிற வெள்ளை அரிசியிலும் அதே அளவுதான். முழுக் கோதுமை மாவில் சுமார் 11 கிராம். கம்பிலும் கேழ்வரகிலும் காராமணியிலும் சுமார் 11 கிராம். அதாவது ஏறக்குறைய நாலு மடங்கு. பெரியவர் ஒருவர் 2000 கலோரி சாப்பிட்டால் அதில் 30 கிராம் நார்ச்சத்து இருக்க வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், ராத்திரி மீந்த சோறு என்று சாப்பிட்டால் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம்.

இப்போ நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசப் போகிறேன். ஆம்பளைங்க யாரும் இல்லை, மைக்செட் தம்பியைத் தவிர. தம்பி, நீயும் கேட்டுக்கோ, உங்க அம்மாவுக்கு ஆகும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா முந்திரி உடைக்கப் போகிறவர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்த மணையும் கட்டையும்தான். போகிற இடத்தில் கழிவறை கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். வந்தாலும் அடக்கிக்கொள்வார். ஒரு நாள் கூட்டம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய பிறகு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மூணு வருஷமா ரத்தம் போகுது, யார்கிட்டயும் சொல்லல” என்றார். மூணு வருஷம்! கடன் தவணை ஒரு மாதம் தள்ளிப் போனால் நாம் விடிய விடியப் பேசுகிறோம். இதைப் பேச இடமில்லை. மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூலம் என்றார்கள். நல்லவேளையாக வேறெதுவும் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், கூடவே நார்ச்சத்தும் தண்ணீரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்டார்: “இது எந்த மருந்துக் கடையில கிடைக்கும்?”

நான் சிரிக்கவில்லை. நமக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லையே.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார். நிறையப் பேர் நாலு நாள் போட்டுவிட்டு அட்டையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு, வயிறு கட்டிக்கொள்கிறது என்பார்கள். உண்மைதான், இரும்பு மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும். ஆனால் மாத்திரையை விட்டால் ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்காது. மாத்திரையை விடாமல் இருக்கத்தான் வயிற்றைச் சரி செய்ய வேண்டும். நார்ச்சத்து எனக்கு ஏன் பெரிய விஷயமாகத் தெரிகிறது என்றால் இதனால்தான்.

நார்ச்சத்து உள்ளே போய் என்ன செய்கிறது? நம்மால் செரிக்க முடியாத பாகம்தான் அது. சோற்று மாவு, எண்ணெய், பருப்புச் சத்து எல்லாம் சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். நார் மட்டும் பெருங்குடல் வரைக்கும் வரும். அதில் ஒரு பகுதி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை மெத்தென்று ஆக்கித் தள்ளும். இன்னொரு பகுதியைப் பெருங்குடலில் வாழ்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தின்னும். மண்புழு உரத் தொட்டியில் சருகு போடுகிறோம் அல்லவா, அது மாதிரி. அவை தின்று விட்டு வெளியேற்றுகிற ஒருவகைக் கொழுப்பு அமிலம்தான் பெருங்குடலின் உள்தோலுக்கே ஆகாரம். தொட்டிக்குச் சருகு போடாவிட்டால் புழு வாழுமா?

இதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர். அயர்லாந்துக்காரர், ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் பல வருஷம் வேலை பார்த்தவர். தீட்டாத தானியம், கிழங்கு, பயறு சாப்பிடுகிற கிராமத்து மக்களுக்கு மலச்சிக்கலும் குடல்வால் நோயும் குடல் புற்றுநோயும் குறைவாக இருப்பதைக் கவனித்தார். 1970-களில் அதைப் பற்றி விடாமல் எழுதினார், பேசினார். மலம் எவ்வளவு எடை, சாப்பிட்டது வெளியே வர எத்தனை மணி நேரம் என்றுகூட அளந்து பார்த்தார்கள். பெரிய டாக்டரே கூச்சப்படாமல் எடை போட்டிருக்கிறார், நமக்கென்ன. அவர் சொன்னதில் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். நார்ச்சத்துக் குறைந்தால் குடல் கெடும் என்ற அடிப்படை மாறவில்லை.

நம்ம பக்கத்திலேயே ஒரு வயிற்று வலிக் கதை உண்டு. திருவதிகை கோயிலுக்குப் போகாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். சூலை நோய் வந்து துடித்த திருநாவுக்கரசர், அங்கே இருந்த தமக்கை திலகவதியாரைத் தேடித்தான் வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தம்பிக்கு வயிற்று வலி வந்தால் போய் நிற்க ஒரு அக்கா இருந்தார். அக்காவுக்கு வந்தால் யாரிடம் போவார் என்று எனக்கு அந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தோன்றும்.

சரி, சமையலுக்கு வருகிறேன். ஓவன் வேண்டாம். சீஸும் கட்டாயமில்லை. எட்டுத் துண்டு வருகிற ஒரு தட்டுக்குக் கணக்கு சொல்கிறேன், எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முழுக் கோதுமை பாஸ்தா கால் கிலோ. பாக்கெட்டின் முன்னால் கோதுமைக் கதிர் படம் இருப்பதை நம்ப வேண்டாம், பின்னால் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது முதலில் எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே அதிகம். முதல் பெயர் முழுக் கோதுமை என்று இருக்க வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போங்கள். 100 கிராமுக்கு நார்ச்சத்து எவ்வளவு என்று சில பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். 6 கிராமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்லிக்கொள்ள உணவுப் பாதுகாப்பு விதி இடம் தருகிறது. முழுக் கோதுமை பாஸ்தா கிடைக்காத ஊரில் கம்பு சேமியா, கேழ்வரகு சேமியா போதும். அதை வேகவைக்கக் கூடாது, இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள், குழையாது.

காராமணி 100 கிராம், ராத்திரி ஊறவைத்து உப்புப் போட்டு வேகவைத்தது. காய்கறி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக: கேரட், பீன்ஸ், வெங்காயம், தக்காளி. கேரட்டைத் தோல் சீவ வேண்டாம், நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். ஆய்ந்த முருங்கைக் கீரை இரண்டு கைப்பிடி. வேர்க்கடலை 50 கிராம், வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தது.

இப்போ வெள்ளைக் குழம்பு. மைதாவுக்குப் பதில் கம்பு மாவு மூன்று மேசைக்கரண்டி. இரண்டு கரண்டி எண்ணெயில் வாசம் வரும் வரை சிறு தீயில் வறுத்து, ஆறிய பால் 400 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிண்டுங்கள். உப்பு, மிளகு, இரண்டு பல் பூண்டு. நிறம் கொஞ்சம் சாம்பலாக இருக்கும், பிள்ளைகள் கேட்டால் ஓட்டலிலும் இப்படித்தான் என்று நான் சொல்லிவிடுவேன். கம்பு மாவை மட்டும் ரொம்ப நாள் வைத்திருக்காதீர்கள். அதில் எண்ணெய்ச் சத்து உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கசக்கும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் நமக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. பலாக்கொட்டை. பண்ணுருட்டிப் பலாவின் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் கொட்டுகிற வீடுகள் இப்போ அதிகமாகிவிட்டன. பதினைந்து இருபது கொட்டையை வேகவைத்து, வெள்ளைத் தோலை உரித்து, ஒரு கைப்பிடி உடைந்த முந்திரியும் சேர்த்துப் பாலோடு அரைத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வழவழவென்று வரும். முழு முந்திரி வேண்டாம், துண்டு முந்திரி விலை குறைவு, அரைக்கத்தானே போகிறோம். இந்தக் குழம்பு ஊற்றிய தட்டுக்குச் சீஸ் தேவையே இல்லை.

பாஸ்தாவைக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, பாக்கெட்டில் எழுதியிருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பே வடித்துவிடுங்கள். சூட்டில் மறுபடி வேகும் என்பதால்தான். காய்கறியை வதக்கி, தக்காளி குழைந்ததும் கீரையைப் போட்டு இறக்குங்கள். பாஸ்தா, காராமணி, காய், குழம்பு எல்லாவற்றையும் கலந்து, எண்ணெய் தடவிய அலுமினியத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே வேர்க்கடலைத் தூளும் கொஞ்சம் எள்ளும் தூவுங்கள்.

அடுப்பு வேலை. கனமான பழைய அலுமினியக் குண்டானோ, அடி கெட்டியான இரும்புச் சட்டியோ எடுங்கள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்போ ஆற்று மணலோ பரப்புங்கள். பெண்ணையாற்று மணலுக்கு நமக்குச் சொல்லியா தர வேண்டும், ஆனால் அள்ளினால் கேஸ் போடுவார்கள், உப்பே போதும். அதன் மேல் ஒரு இரும்பு வளையம். மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிஷம் காயவிட்டு, தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் அரை மணி நேரம். குக்கரில் செய்ய வேண்டாம், தண்ணீர் இல்லாத சூட்டில் ரப்பரும் கெடும், பாத்திரமும் கெடும். விறகடுப்பு இருக்கிறவர்கள் மூடி மேல் நாலு தணல் துண்டு எடுத்து வையுங்கள், மேல் பக்கம் பொன்னிறமாக மொறுமொறுவென்று வந்துவிடும். கேஸ் அடுப்புக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எடுத்தவுடனே வெட்டாதீர்கள், உதிரும். கால் மணி நேரம் ஆறவிட்டு எட்டாக வெட்டினால் கேக் மாதிரி நிற்கும். ஆறவிடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெந்த மாவுப் பொருள் ஆறும்போது அதில் ஒரு பகுதி சுலபமாகச் செரிக்காத மாவாக மாறி, நார் மாதிரியே பெருங்குடல் வரைக்கும் போகும். பழைய சோற்றிலும் நடப்பது இதுதான். மீந்ததைக் காலையில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம்.

ஒரு துண்டில் நார்ச்சத்து 7 கிராமுக்குக் குறையாது என்று நான் போட்ட கணக்கு. மைதா மக்ரோனி ஒரு தட்டில் 2 கிராம் தேறுவதே கஷ்டம். செலவு எங்கள் குழு செய்து பார்த்தபோது ஒரு துண்டுக்கு இருபது ரூபாய்க்குள் அடங்கியது. சத்துணவு, காலை உணவு மாதிரி தினமும் செய்கிற பண்டம் இல்லை இது. மாதம் இரண்டு தடவை செய்யலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எட்டுத் துண்டு என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் தெரியுமா? சோறு குண்டானில் இருக்கிறது. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாது. வீட்டுக்காரருக்கு, மாமியாருக்கு, பிள்ளைகளுக்குப் போட்டு, கடைசியில் அடியில் ஒட்டினதை நாம் வழித்து, குழம்பு இல்லை என்றால் ஊறுகாயோடு முடித்துக்கொள்வோம். பொரியல் கிண்ணம் அதற்கு முன்பே காலியாகியிருக்கும். கவனித்துப் பாருங்கள், நார்ச்சத்து எல்லாம் இருந்தது அந்தப் பொரியல் கிண்ணத்தில்தான். அரிசியில் நார் குறைவு. கடைசியில் சாப்பிடுகிறவருக்குக் கிடைப்பதோ அரிசி மட்டும். வயிறு கட்டாமல் என்ன செய்யும்?

வெட்டின துண்டு அப்படி இல்லை. வீட்டில் ஆறு பேர் என்றால் ஆறு துண்டு, மீதி இரண்டு காலைக்கு. உங்கள் துண்டு தட்டில் தெரிகிறது. அதை யாராவது எடுத்தால் எடுத்தது தெரிகிறது. எங்கள் வீட்டில் முதல் தடவை என் துண்டைப் பையன் எடுக்கப் போனபோது, என் பெண், “அது அம்மாது” என்றாள். இத்தனை வருஷத்தில் சோற்றுக் குண்டானைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதில்லை.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற நம் உறுப்பினர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். 2022 செப்டம்பர் 15 மதுரையில் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்ட் 25-இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த திட்டம். விடியுமுன் எழுந்து காய் நறுக்கி, கிச்சடியும் சாம்பாரும் செய்து பிள்ளைகளுக்குப் போடுகிறீர்கள். பிள்ளை சாம்பாரில் கேரட்டை ஒதுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறீர்கள். அதே காலையில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் டீ என்று பதில் வருகிறது. உங்களைக் கோபித்துச் சொல்லவில்லை, நேரம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

சில எச்சரிக்கை. இதுவரை நார்ச்சத்தே இல்லாமல் இருந்தவர்கள் ஒரே நாளில் மூன்று துண்டு சாப்பிட்டால் வயிறு உப்பும், காற்று பிரியும், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். முதல் வாரம் அரைத் துண்டு, பயறைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் சிக்கல் இன்னும் இறுகும், நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். இரும்பு மாத்திரையை இந்தப் பால் சேர்த்த சாப்பாட்டோடு போடாதீர்கள், டீயோடும் வேண்டாம். இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதையும் சாப்பிட்டு, கூடவே சோறும் சாப்பிட வேண்டாம், இதுவே அந்த வேளைக்குச் சாப்பாடு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் மாறாத வயிற்று வலி என்றால் பாஸ்தாவும் கூழும் வைத்தியம் இல்லை. நேரே ஆரம்ப சுகாதார நிலையம். மூணு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

வேலை செய்கிற இடத்தில் கழிவறை இல்லாவிட்டால் தண்ணீர் குடி என்று சொல்லிப் பயனில்லை, அது எனக்குத் தெரியும். முந்திரி உடைக்கிற இடம், கரும்பு வெட்டுகிற இடம், செங்கல் சூளை என்று ஒவ்வொன்றாக நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் போடுங்கள், ஒரு கையெழுத்தை விட இருபது குழுவின் கையெழுத்துக்கு மரியாதை அதிகம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவதற்குள் ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேராவது இதை ஒரு தடவை செய்யுங்கள். உப்பு அதிகமா, எத்தனை நிமிஷம் ஆச்சு என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டுக் கட்டம் போட்டு, எந்தத் துண்டை யார் சாப்பிட்டார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வாங்க. எட்டில் உங்கள் பெயர் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.